ஏரிக்கரை ஊரில் பதினொரு வேளை

அல் குசைஸ், துபாய்
மே 19, திங்கட்கிழமை

அருமை மகள் ஃபஸ்னாவுக்கு உன் உம்மா அஸ்மத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல இறைவனின் கருணையால் நானும் உன் வாப்பாவும் உடலால் நலமாக இருக்கிறோம், அந்தக் குளிர் பூமியில் நீயும் அவ்விதமே இருக்க இறைஞ்சுகிறேன். உன்னிடமிருந்து நான் திரும்பி வந்து இருபது நாட்கள் ஆகின்றன. இந்த இருபது நாட்களில் நீ பதினேழு முறை அழைத்திருக்கிறாய், பதினேழு முறையும் உன் வாப்பாவே எடுத்துப் பேசினார்கள், நான் குளிக்கிறேன் என்றும் உறங்குகிறேன் என்றும் அடுத்த வீட்டு ஹஃபீஸாவிடம் போயிருக்கிறேன் என்றும் அவர்கள் உன்னிடம் சொன்னவை அனைத்தும் நான் எதிரே அமர்ந்து சொல்லிக்கொடுத்தவை. குரல் பதிவாவது அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். குரலில் பேசினால் நடுவே சொல் தடுமாறும், அதைக் கேட்டு நீ இரக்கப்படுவாய், அந்த இரக்கம் எனக்குத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான், பொட்டலம் கட்ட வந்த பழைய பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தே இந்தத் தமிழைச் சம்பாதித்தேன், ஆகவே சொல்ல வேண்டியதைச் சிதறாமல் சொல்ல எனக்குக் காகிதமே ஏற்ற இடம். நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி, நாங்கள் இருவரும் இந்த நாட்டை விட்டுப் புறப்பட்டு உன்னோடு வந்து நிரந்தரமாகத் தங்குவோமா என்பது. நீ நிரப்பி அனுப்பிய படிவம் என் எதிரில் இருக்கிறது, உன் வாப்பா கையெழுத்திட்டுவிட்டார்கள், என்னுடைய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதற்கான பதிலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அதற்கு முன் உன் ஏரிக்கரை ஊரில் நடந்ததை என் கண்ணால் கண்டபடி உனக்கு எழுதிவிட வேண்டும், ஏனெனில் நீ அதை மறந்துவிடுவாய், நான் மறக்கமாட்டேன்.

இங்குள்ள செய்தியை முதலில் சொல்கிறேன். நம் பக்காலா மளிகைக் கடை இருக்கும் கட்டடத்தை இடிப்பது உறுதியாகிவிட்டது. ஜூன் முப்பதுக்குள் காலி செய்யச் சொல்லி வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், புதிய இடத்தில் கடை போட உன் வாப்பாவுக்கு உடம்பில் தெம்பில்லை, விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீலும் இத்தனை ஆண்டு போதும் ஹபீப், கலாஸ் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். கடை போனால் விசா போகும், விசா போனால் இருபத்தெட்டு ஆண்டு வாழ்ந்த இந்த அறை போகும், இது நீ அறிந்ததே. அரிசி மூட்டைகள் தீர்ந்துவிட்டன, மசாலாப் பொட்டலங்களும் சோப்புக் கட்டிகளும் மட்டும் அடுக்கில் நிற்கின்றன, கடைக்கு வருகிறவர்கள் பொருளை வாங்காமல் ஆறுதலை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஹஃபீஸா தன் மகள் நஸீஹாவுக்கு ஊரில் நிக்காஹ் முடிவு செய்திருக்கிறாள், நம் காயல்பட்டினத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டி முடித்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வரப்போகிறார். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு, உங்க மவளுக்கும் வீடு ரெடியாத்தானே பூட்டிக் கிடக்கு லாத்தா, மாப்பிள்ளைதான் ஏரிக்குள்ள இருந்து வரணும் போல என்று கேலி செய்தாள். அந்த வீட்டைக் கட்டியது உன் வாப்பா, பத்திரம் உன் பெயரில், அது வழக்கம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எண்ணிப் பார், காயலுக்குப் போனாலும் நான் இருக்கப்போவது உன் வீட்டில், அங்கே வந்தாலும் உன் வீட்டில். இந்த உலகத்தில் எனக்கென்று மிஞ்சியிருப்பது நீ என்னை எவ்விதம் நடத்துகிறாய் என்பது மட்டுமே.

இனி பயணத்துக்கு வருகிறேன். நீ டிக்கெட் அனுப்பி, ஒரு வாரம் வந்து இருந்து பாருங்கள், பிடித்தால் முடிவு செய்யுங்கள் என்று அழைத்தபோது உன் வாப்பாவுக்குக் கடையை விட்டு வர இயலவில்லை, நான் தனியாகவே துணிந்தேன். உன் நாட்டு விமான நிலையத்தில் உனக்காக நான் சுமந்து வந்த மாசித் துண்டுகளை ஓர் அம்மையார் கையுறை அணிந்த கையால் தூக்கிப் பார்த்து, இது கல்லா மரமா என்று கேட்டார், மீன் என்று சொன்னதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குப்பையில் இட்டார். கூடக் கொண்டுவந்த தம்மடை இனிப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். மூன்று மணி நேரம் காரில் அழைத்துப் போனாய், வழியெல்லாம் மனிதரைக் காட்டிலும் ஆடுகள் அதிகம், கடைசி வளைவில் அந்த ஏரி தெரிந்ததும் நீ வண்டியை நிறுத்தினாய். டெகாப்போ ஏரி அழகு என்று நான் எழுதுவது அதற்குப் பெருமை சேர்க்காது, ஆயினும் உண்மையை உண்மை என்று எழுதுவேன். பால் கலந்த நீலமாக ஒரு நீரை நான் அதுவரை கண்டதில்லை. மலைமேல் உறைந்த பனி பாறையை மாவாக அரைக்கிறது, அந்த மாவு கரைந்துதான் இந்த நிறம் என்று நீ விளக்கினாய், விளக்கும்போது உன் முகம் எவ்வளவு அழகாக இருந்தது என்பதை நீ அறியமாட்டாய். ஊரில் தெருவிளக்குகள்கூடத் தலையைக் குனிந்து தரையை மட்டும் பார்த்து எரிகின்றன, வானத்தின்மேல் வெளிச்சம் படக்கூடாதாம். விண்மீன்களைப் பார்ப்பதற்காக உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள் என்றும், அவர்களுக்கு வானத்தைக் காட்டும் வேலை உன்னுடையது என்றும் தொலைபேசியில் கேட்டபோது நான் இங்கே எல்லோரிடமும் பெருமை பேசினேன். நேரில் பார்த்தபோது அந்தப் பெருமை இருமடங்கானது. அதனால்தான் பின்னால் நடந்தது இவ்வளவு கசக்கிறது.

நாம் உன் வீட்டை அடைந்தபோது நடுப்பகல். லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தொழுகையில் முகம் நோக்க வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. உன் வாப்பா தம்மாமில் டிரெய்லர் ஓட்டிய காலத்தில் நடுப் பாலைவனத்தில் ஜாக்கிக் கம்பியை மணலில் நட்டுத் திசை கண்டுபிடிப்பார்கள், திருமணமான புதிதில் அந்த வித்தையை எனக்கும் சொல்லித் தந்தார்கள். உச்சிப் பொழுதில் நிழல் விழும் பக்கம் வடக்கு, அதைப் பார்த்து நின்று இடக்கைப் பக்கம் திரும்பினால் மேற்கு, மக்கா இருக்கும் பக்கம், அவ்வளவுதான். இங்கே நான் எந்தப் புது வீட்டுக்குப் போனாலும் யாரையும் கேட்காமல் அவ்விதமே விரிப்பை விரித்திருக்கிறேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை. உன் கொல்லையில் துணி உலர்த்தும் கம்பத்தின் நிழலைப் பார்த்தேன், உள்ளே வந்தேன், இடப்பக்கம் திரும்பி விரிப்பை விரித்தேன். நீ சமையலறை வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாய், நான் கையை உயர்த்தி, நிழல் இருக்கும்போது மனிதரைக் கேட்பானேன் என்று சொன்னேன். இதை நான் மறைக்கவில்லை, எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

அன்று பிற்பகலே மேகம் இறங்கிவிட்டது. மறுநாள் முழுவதும் மலையும் இல்லை, ஏரியும் இல்லை, வெயிலின் கீற்றுக்கூட இல்லை. வானம் மூடியிருந்ததால் உனக்கும் இரண்டு நாட்கள் டூட்டி இல்லை, நாம் இருவரும் வீட்டுக்குள்ளேயே இருந்தோம், தம்மடையைச் சாப்பிட்டோம், நீ ஏழு வயதில் இந்த அல் குசைஸ் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நட்சத்திரம் எண்ணிய கதையைச் சொல்லிச் சிரித்தோம். அந்த இரண்டு நாட்களில், இங்கேயே வந்துவிடலாம் என்று என் மனம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது, இதையும் நீ தெரிந்துகொள். மூன்றாம் நாள் நடுப்பகல் கழிந்தபின் மேகம் கலையத் தொடங்கியது. அஸர் தொழுகைக்கு நின்றேன். முதல் ரக்அத்தில் இருக்கும்போதே எனக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியாக வெயில் நுழைந்து என் பிடரியில் பட்டது, என் நிழல் என் முன்னால் விரிப்பின்மேல் நீண்டு விழுந்தது. அஸர் நேரத்துச் சூரியன் மேற்கே அல்லவா இருக்க வேண்டும், மேற்கைப் பார்த்து நிற்பவளின் முகத்தில் அல்லவா பட வேண்டும். நான் தொழுகையை முறித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். உலகத்தின் தென்பாதியில் சூரியன் வடக்கு வழியாகப் போகும், ஆகையால் நிழல் தெற்கே விழும் என்பதை ஏட்டில் நானும் படித்திருக்கிறேன், ஃபஸ்னா. முதல் நாள் கம்பத்து நிழலைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. வந்த நாள் லுஹர் முதல் அன்றைய லுஹர் வரை பதினொரு வேளைத் தொழுகையை நான் கிழக்குப் பார்த்துத் தொழுதிருக்கிறேன், கஃபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உன் படுக்கையறைக் கதவை நோக்கி ஸஜ்தா செய்துகொண்டு.

அந்தக் கதவு என் நினைவில் வந்ததும்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. நான் தொழுகைக்கு நிற்கும் ஒவ்வொரு வேளையும் நீ உன் அறைக்குள் சென்று கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டாய். உம்மாவின் தொழுகைக்கு இடையூறு செய்யாத மரியாதை என்று நான் எண்ணியிருந்தேன். உன் ஊரில் சூரியன் எங்கே உதிக்கிறது, எங்கே மறைகிறது, எந்த விண்மீன் எந்த மணிக்கு எந்த மலைமேல் ஏறுகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்பவள் நீ, அது உன் தொழில். என் திசை உனக்குத் தெரியாமல் போயிருக்குமா? அப்போது நான் உன்னிடம் கேட்கவில்லை.

அன்று இரவு வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. கூட்டத்தோடு என்னையும் மலையடிவாரத்துக்கு அழைத்துப் போய், தடித்த அங்கியை அணிவித்து, சிவப்பு விளக்கைக் கையில் கொடுத்து முதல் வரிசையில் நிறுத்தினாய். அத்தனை விண்மீன்களை நான் வாழ்நாளில் கண்டதில்லை, ஆனால் அவை என் கண்ணில் தங்கவில்லை, நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை ஒளிக்கோலை நீட்டி நீ ஒவ்வொன்றாகக் காட்டினாய். நம் வானத்தில் நிமிர்ந்து நிற்கும் வேட்டைக்காரன் என்ற விண்மீன் கூட்டம் அங்கே தலைகீழாகத் தொங்குவதைக் காட்டிச் சிரிக்கவைத்தாய். அப்போது வெள்ளைக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கைத்தடியை உயர்த்தி ஒரு விண்மீனைக் காட்டித் தம் மனைவியிடம் உரத்த குரலில், அதோ துருவ நட்சத்திரம், அது இருக்கும் பக்கம்தான் வடக்கு என்றார். என் ஆங்கிலம் பத்திரிகையில் கற்றதுதான் என்றாலும் அது எனக்கு விளங்கியது. நீ ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. சிரித்துக்கொண்டே அருகில் சென்று, அய்யா, அந்த நட்சத்திரம் இங்கிருந்து தெரியவே தெரியாது, நீங்கள் பார்ப்பது தெற்கு, இப்படித் திரும்புங்கள் என்று சொல்லி, அவர் தோளை மெல்லப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாய். அவரும் ஹோ என்று சிரித்து உனக்கு நன்றி சொன்னார். முன்பின் அறியாத மனிதருக்கு நீ அப்படிச் செய்தாய். அவர் தோளில் இருந்த உன் கையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினொரு வேளையில் ஒரு வேளைக்காவது அந்தக் கை என் தோளுக்கு வந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன், உனக்கு எப்போது தெரியும் என்று. நீ எதை என்று கேட்கவில்லை, அதுவே எனக்குப் பாதி பதில். மொத நாளே தெரியும் உம்மா, விரிப்ப விரிச்சப்பவே தெரியும் என்றாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னா நீங்க ஏத்துக்கிடவா செய்வீங்கோ, மூஞ்சிய திருப்பிக்கிடுவீங்கோ, ஒரு வாரந்தான் இருக்கப் போறீங்கோ, அந்த ஒரு வாரமும் பேசாம போயிருமேன்னு பயந்துட்டேன், அல்லாஹ்வுக்குத் தெரியாதா உங்க மனசும் நிய்யத்தும் என்று சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்புறம் மெதுவாக, பன்னெண்டு வயசுலயே படிச்சுக்கிட்டேன் உம்மா, உங்களுக்குத் தப்புன்னு சொல்லக் கூடாதுன்னு என்றாய்.

எனக்கு அது நினைவில்லை என்று அப்போது சொன்னேன். அது உண்மையல்ல. உனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டு மீலாது விழாவில் பெண்கள் கூட்டத்தில் நான் முதன்முதலாக மேடையேறிப் பேசினேன், நிலவு தன் ஒளியை எல்லோருக்கும் வழங்குவது போல என்று உவமை சொன்னேன், முன்வரிசையில் இருந்து நீ எழுந்து, நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது உம்மா, அது சூரியனோடது என்றாய். மண்டபமே சிரித்தது. உன் குரலில் அகம்பாவம் இல்லை, தெரிந்ததைச் சொல்லும் மகிழ்ச்சிதான் இருந்தது, அது அன்றே எனக்குத் தெரியும். ஆயினும் பட்டம் பெற்ற பெண்கள் நிறைந்த அந்த மண்டபத்தில் ஐந்தாம் வகுப்புக்காரியாக நான் ஒருத்தி நின்றேன், அந்தச் சிரிப்பை என்னால் விழுங்க இயலவில்லை. ஒன்பது நாட்கள் உன்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைத்து நகர்த்திவிட்டேன். பத்தாம் நாள் நீயாக வந்து, நான் சொன்னது தப்பு உம்மா என்று சரியானதைத் தவறென்று சொல்லி மன்னிப்புக் கேட்டாய், நானும் அதை ஏற்றுக்கொண்டேன். அதன்பின் நீ என்னை ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை. என் மகளைப் போலப் பணிவான பிள்ளை துபாயிலேயே கிடையாது என்று இத்தனை ஆண்டுகள் சொல்லித் திரிந்தேன்.

எஞ்சிய நான்கு நாட்களும் நான் உன்னோடு பேசவில்லை என்பதை நீ அறிவாய். பதினொரு வேளையையும் சரியான திசையில் திரும்பத் தொழுது முடித்தேன், நீ சமைத்ததை உண்டேன், விமான நிலையத்தில் நீ அழுதாய், நான் ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். துபாய் வந்ததும் ஹஃபீஸா ஓடி வந்து, என்ன லாத்தா, நச்சத்திரத்த எட்டித் தொட்டுட்டு வந்தீங்களா என்று கேட்டாள், கண் கூசியது என்று சொல்லிவைத்தேன். உன் வாப்பாவிடம் மட்டும் அனைத்தையும் சொன்னேன், அவர்களாவது உன்மேல் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சுலைமானித் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, அவ சொல்லாதது தப்புத்தான் புள்ள, ஆனா நா தம்மாமுல வண்டி ஓட்டுனப்ப ஒரு கிளீனர் இருந்தான், வழி தப்பிப் போறோம்னு தெரிஞ்சும் வாயத் தொறக்க மாட்டான், ஏன்டான்னு கேட்டா, முந்தி ஒருக்கா சொன்னதுக்கு நீங்க அடிச்சீங்களே பாய்னு சொல்லுவான் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாட்கள் அவர்களுக்கும் சுலைமானி கிடைக்கவில்லை.

ஃபஸ்னா, என் பதிலை எழுதுகிறேன். நான் வரவில்லை. குளிரும் இருளும் காரணமல்ல, பாங்கு ஒலிக்காத ஊர் என்பதும் காரணமல்ல, அவை அனைத்தையும் நான் பழகிக்கொள்வேன். நான் தவறான திசையில் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டில் என் முதுமையைக் கழிக்க எனக்கு அச்சமாக இருக்கிறது. இன்று கிப்லா. நாளை என் கண் மங்கும், மருந்தை மாற்றி விழுங்குவேன், சொன்னதையே சொல்வேன், அடுப்பை அணைக்க மறப்பேன், அப்போதும் உம்மா மனம் நோகக்கூடாது என்று நீ புன்னகைத்துக்கொண்டு விலகிப் போவாயானால் நான் யாரோடு வாழ்கிறேன்? நீ தொழுகிறாயா என்றுகூட நான் உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவாயோ என்ற பயம். உன்னை அவ்விதம் ஆக்கியதில் என் கை இருக்கிறது என்று உன் வாப்பா சொல்கிறார்கள். இருக்கலாம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் சொல்லைத் தேடிப் பார்த்தேன், இத்தனை சொற்கள் கற்றவளுக்கு அது கைக்கு வரவில்லை, வந்தால் எழுதுவேன். படிவத்தை நான் கிழிக்கவில்லை, கையெழுத்திடவும் இல்லை, உன் வாப்பாவின் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஜூன் முடிவில் காயலுக்குப் புறப்படுவதற்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த உடல்நலத்தையும் தருவானாக, உன் கண்ணையும் கல்வியையும் குறைவின்றிக் காப்பானாக. பனிக்காலம் தொடங்குகிறது, கூட்டத்துக்குப் போகும்போது காதை மூடிக்கொள், வெறும் காப்பியைக் குடித்துவிட்டு மலையேறாதே. கடைசியாக ஒன்றை நினைவூட்டுகிறேன். இது தவறான முடிவு என்று நீ கருதினால், உம்மா நீங்கள் செய்வது தவறு என்று அந்தச் சொல்லாலேயே எனக்குச் சொல். உடனே ஒப்புக்கொள்வேன் என்று வாக்களிக்க என்னால் இயலாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். ஆனால் நீ அடுத்த முறை அழைக்கும்போது தொலைபேசியை நான் எடுப்பேன், நீ சொல்லி முடிக்கும்வரை வைக்கமாட்டேன். டிக்கெட் ஜூன் பதினைந்தாம் தேதிதான் எடுக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் உம்மா,
ஹ. அஸ்மத் பீவி